உள்ளூர்ச் செய்தித் தளத்தில் கருத்துப் பெட்டி: திறந்து வைப்பதா, பூட்டுவதா?

குகைக்காரன் · ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் சேலத்துக்கு மட்டும் ஒரு சின்னச் செய்தித் தளம் நடத்துகிறோம். மொத்தமே இரண்டு பேர்தான். எந்த வார்டுக்கு என்றைக்குத் தண்ணீர் வரும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எந்தத் தெருவை அடைக்கிறார்கள், ஏற்காடு மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறதா, இப்படிப்பட்ட செய்திகள்தான்.

கருத்துப் பெட்டியைத் திறந்து எட்டு மாதம் ஆகிறது. ரொம்ப நாள் 'தகவலுக்கு நன்றி' தவிர எதுவும் வரவில்லை. போன மாதம் ஒரு கிராமத்துக் கோயில் தகராறு பற்றி நாலே வரிச் செய்தி போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் எழுந்து பார்த்தால் 140 கருத்து. பாதி ஒரு சாதியைத் திட்டி, மீதி அதற்குப் பதில். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நண்பர் சொன்னார்: "பெட்டியே வேண்டாம், பூட்டு."

எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் வராத தெருவைப் பற்றி எங்களுக்கு முதலில் சொன்னதே அந்தப் பெட்டிதான். அனுபவப்பட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்க.

சும்மா கேட்டேன் · ஞாயிறு, இரவு 10.15

பூட்டுங்க. பாப்புலர் சயின்ஸ் பத்திரிகை 2013இல் பூட்டியது. ராய்ட்டர்ஸ் 2014இல். அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016இல். அவ்வளவு பெரிய ஆட்களாலேயே முடியாததை ரெண்டு பேர் எப்படிச் சமாளிப்பீங்க?

அது மட்டும் இல்லை. திறந்து வைத்திருக்கிற தளங்களும் ஒழுங்காக நடத்துவதில்லை. என் கருத்து ஒன்றை ஒரு தளம் அழித்த கதையை அப்புறம் சொல்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் · ஞாயிறு, இரவு 11.40

பூட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க. ஆறு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. அம்மாபேட்டையில் வீட்டில் உட்கார்ந்து ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு (பெயர் வேண்டாமே) ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மட்டுறுத்தல், அதாவது வருகிற கருத்தைப் படித்து விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்வது. ஒரு ராத்திரிக்கு ஆயிரம் கருத்துக்குக் குறையாது. ஒன்றுக்கு அரை நிமிடம் கூடக் கிடைக்காது.

எல்லோரும் முதலில் செய்கிற காரியம் கெட்ட வார்த்தைப் பட்டியல் போடுவது. நாங்களும் போட்டோம். பட்டியலில் 'பன்னி' சேர்த்த அதே வாரம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. பிள்ளைகளை வாழ்த்திய கருத்துகள் கொத்தாக நின்றுவிட்டன. பன்னிரண்டு என்று எழுதினால் பன்னியில்தானே ஆரம்பிக்கிறது! அடுத்து 'சனியன்' சேர்த்தோம். 'வரும் சனியன்று மின்தடை உண்டா' என்று கேட்ட அப்பாவிகளெல்லாம் திட்டியவர்கள் கணக்கில் போனார்கள். எருமையை எந்த வேற்றுமையில் எழுதினாலும் பிடிக்க வேண்டும் என்று ஒரு புண்ணியவான் 'எரும' வரைக்கும் வெட்டிப் போட்டார். எருமாபாளையம் என்ற பேரை எழுதியவர் யாரும் மூன்று நாள் வாய் திறக்க முடியவில்லை. சென்னையில் இருந்த மேலாளருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. எனக்கே நடந்தது, தப்பும் என்னுடையதுதான்.

ஒரு சிறுமி சம்பந்தப்பட்ட வழக்குச் செய்தி. பெயர், ஊர், பள்ளி எதையும் நிருபர் எழுதவில்லை, ஒழுங்காக மறைத்திருந்தார். ராத்திரி ஒரு மணி வாக்கில் ஒரு கருத்து வந்தது. 'பாவம் அந்தக் குழந்தை. அப்பா தறி ஓட்டுறவர். நல்ல குடும்பம்.' ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எழுதியவருக்கு நிஜமாகவே இரக்கம். விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர்: 'ரேஷன் கடைக்கு எதிர் வரிசையா?' அது தனியாக என் திரையில் வந்தபோது எதைப் பற்றிய கேள்வி என்றே உறைக்கவில்லை. அதையும் விட்டேன். மூன்றாவதாக ஒரே சொல்: 'ஆமா.'

அந்த 'ஆமா'வை விட்ட பிறகுதான் கை நடுங்கியது. மேலே போய் மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்த ஊர்க்காரர் யாரும் நேராகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். உடனே மூன்றையும் எடுத்தேன். அதற்குள் 19 நிமிடம் ஓடியிருந்தது. எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று நினைத்து விடியும்வரை தூக்கம் இல்லை. இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ வசவுகளைப் பார்த்துவிட்டேன். நான் விட்டதிலேயே மோசமான கருத்து எது என்று கேட்டால் அந்த 'ஆமா'தான்.

அதனால் குகைக்காரன், உங்கள் பிரச்சினை அந்த 140 வசவு இல்லை. வசவு கண்ணில் படும், எடுத்துவிடலாம். கண்ணில் படாததுக்குத்தான் ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

குகைக்காரன் · ஞாயிறு, இரவு 11.58

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நாங்களும் அப்படி ஒரு செய்தி போட்டிருக்கிறோம். இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் · திங்கள், காலை 6.10

அண்ணா இல்லை, அக்கா. ஷிப்ட் இப்போதுதான் முடிந்தது.

வக்கீல் குமாஸ்தா · திங்கள், காலை 8.30

அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, குமாஸ்தா. இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா சொன்னது சட்டத்தில் அப்படியே இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படத்தோடு நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று வரிசையாகச் சொல்லி, அடையாளம் தெரிய வழி செய்யும் வேறு எந்த விவரமும் கூடாது என்கிறது. ரேஷன் கடை என்பது அக்கம்பக்கம்தானே. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை. ஊழியர் செய்தாலும் பதிப்பாளரும் உரிமையாளரும் சேர்ந்து பொறுப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை.

பொதுவாக மற்றவர் எழுதிய கருத்துக்குத் தளம் நடத்துபவர் எவ்வளவு பொறுப்பு? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலையாளருக்கு, அதாவது மற்றவர் எழுதுவதை வெளியிட இடம் மட்டும் தருபவருக்கு, பாதுகாப்பு தருகிறது. 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே தீர்ப்பில் 79க்கும் விளக்கம் வந்தது. நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ கைக்கு வந்தும் எடுக்காமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு போகும், யாரோ ஒருவர் புகார் சொன்னார் என்பதற்காகப் போகாது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் போடச் சொல்கின்றன. புகாரைப் பெற்றுக்கொண்டதாக 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். 15 நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தது, 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது 7 நாள் ஆனது. விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நடப்பு வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்க.

ஒன்று கவனம். நீங்களாக ஒரு கருத்தை எடுத்தால் அதனால் பாதுகாப்பு போகாது, விதியிலேயே இருக்கிறது. ஆனால் கருத்துக்குள் கை வைத்து, ரெண்டு சொல்லை மாற்றி வெளியிடாதீங்க. மாற்றினால் அது உங்கள் எழுத்து. விடுங்க, இல்லை தடுங்க. நடுவில் ஒன்றும் வேண்டாம்.

பழைய போஸ்ட்கார்டு · திங்கள், காலை 9.05

நான் போஸ்ட்கார்டில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிய காலத்து ஆள். முழு முகவரி இல்லாவிட்டால் குப்பைக்கூடைதான். செவ்வாய்ப்பேட்டையில் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் எழுதியது வந்தது. வந்த அன்று மாலையே எங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார். எதற்கு? விளக்குப் போட இல்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்க. அப்புறம் ஒரு வருஷம் நான் எதுவும் எழுதவில்லை. எல்லோரும் உண்மைப் பெயரில் எழுதட்டும் என்று யாராவது யோசனை சொல்வதற்குள் இதைச் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

சும்மா கேட்டேன் · திங்கள், பகல் 1.20

சரி, என் கதை. எங்கள் குடும்பத்துக்குப் பூலாவரி பக்கம் நிலம். 2018இல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்கக் கல் நட்டார்கள். ஒரு தளத்தில் 'வளர்ச்சிக்கு எதிரானவர்கள்' என்று எங்களைப் பற்றி ஒருத்தர் மரியாதையாக, அழகான தமிழில் எழுதியிருந்தார். நான் பதில் எழுதினேன். 'டேய், உன் அப்பன் வெச்ச தென்னையில எவனாவது மஞ்சள் பெயிண்ட் அடிச்சா அப்பத் தெரியும்.' என்னுடையதை அழித்துவிட்டார்கள். அவருடையது இன்னும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழி விட்டது, இரண்டு செய்திக்கும் அடியில் போய்ப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தவர்களில் நிலம் போகிறவன் ஒருத்தனும் இல்லை. எல்லோரும் 'நண்பரே, தங்கள் கருத்தோடு உடன்படுகிறேன்' ரகம்.

வீடு எரிகிறவன் இலக்கணமாகப் பேச மாட்டான். அதைத்தான் நீங்கள் எல்லோரும் சுத்தம் செய்கிறேன் என்று துடைத்து எடுக்கிறீங்க. அப்படிச் செய்வதற்குப் பெட்டியைப் பூட்டுவதே நேர்மை.

ராத்திரி ஷிப்ட் · திங்கள், மாலை 4.45

நீங்கள் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத பகுதி இருக்கிறது. எங்கள் விதிப்படி 'டேய்' இருந்தால் தடுக்க வேண்டும். அந்த ராத்திரி உங்கள் கருத்து என் வரிசையில் வந்திருந்தால் நானும் தடுத்திருப்பேன்.

இப்போது எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எழுதியவர் தன் இழப்பைச் சொல்கிறாரா, எதிரில் இருப்பவரின் பிறப்பைச் சொல்கிறாரா? முதலாவது என்றால் 'டேய்' இருந்தாலும் விட்டுவிடுகிறேன், மேலாளர் கேட்டால் சண்டை போடுகிறேன். இரண்டாவது என்றால் எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாலும் தடுக்கிறேன். 'அவர்கள் எந்தத் தெரு என்று கேளுங்கள், விடை கிடைக்கும்' என்று 'ர்கள்' போட்டு எழுதுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் தெரியுமா? அதற்குள் இருக்கும் சாதி வசவு எந்தப் பட்டியலிலும் சிக்காது.

பெண் நிருபர் பெயரில் செய்தி வந்தால் அன்றைக்கு எங்கள் வரிசையே மாறிவிடும். இது நம் ஊருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் கார்டியன் தன் 7 கோடி கருத்துகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. அதிகமாகத் தாக்கப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மீதி இருவர் கறுப்பின ஆண்கள். தடுத்தது சுமார் 14 லட்சம் கருத்து, அதாவது நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டு யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

இருபதாவது வளைவு · திங்கள், இரவு 8.20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மழை, கரண்ட் வந்து வந்து போகிறது.

ஊர் தெரிந்த ஆள் வேண்டும் என்று அக்கா சொன்னதற்கு எங்கள் மலையிலிருந்து ஒன்று. சேர்வராயன் மலையில் காலங்காலமாக இருக்கிற பழங்குடி மக்களுக்குப் பெயரே 'மலையாளி'. அரசுப் பட்டியலிலும் அதே பெயர். பேசுவது தமிழ், கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காட்டு உரிமை, பட்டா பற்றி ஒரு பெரிய தளத்தில் செய்தி வந்தது. அடியில் ஒருத்தன் 'மலையாளிகளை மலையை விட்டு இறக்கினால்தான் ஏற்காடு உருப்படும்' என்று எழுதினான். புகார் கொடுத்தோம். 'மாநிலங்களுக்கு இடையிலான நகைச்சுவை' என்று நினைத்தார்களோ என்னவோ, எடுக்கவில்லை. அதே செய்தியில் எங்கள் பையன் ஒருத்தன் 'மலையாளிகளுக்கு இன்னும் பட்டா தரவில்லை' என்று எழுதியதைப் பிரிவினைப் பேச்சு என்று எடுத்துவிட்டார்கள்! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரைக்கும் போகக்கூடிய வரி நிற்கிறது, நியாயம் கேட்ட வரி போய்விட்டது.

இன்னொரு தொல்லை வியாபாரம். மே மாதம் கோடை விழாச் செய்தி போட்டால் போதும், ஹோம்ஸ்டேக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சேறு வாரி இறைப்பார்கள். 'அந்த விடுதியில் மூட்டைப்பூச்சி' என்று எழுதுகிறவர் பக்கத்து விடுதிக்காரராகத்தான் இருப்பார்.

ஆனாலும் பூட்ட வேண்டாம் என்பேன். குப்பனூர் பாதையில் காட்டுமாடு நிற்கிறது என்று எங்களுக்கு நேரத்துக்குத் தெரிவது இப்படிப்பட்ட கருத்துகளில்தான்.

கோடு எழுதுகிறவன் · திங்கள், இரவு 10.30

ஓமலூர்க்காரன், இருப்பது பெங்களூரில். யாராவது 'ஏஐ போட்டுக்கலாம்' என்று சொல்வதற்குள் வந்துவிட்டேன்.

கூகுளின் ஜிக்சா பிரிவு 2017இல் பெர்ஸ்பெக்டிவ் என்று ஒரு கருவி விட்டது. ஒரு கருத்து எவ்வளவு நச்சுத்தன்மை என்று மதிப்பெண் போடும். நியூயார்க் டைம்ஸ் இவர்களோடு சேர்ந்துதான் தன் மட்டுறுத்தல் கருவியைக் கட்டியது. அதன் மொழிப் பட்டியலில் இந்தி வந்தது, தமிழ் வரவில்லை. நம் பக்கம் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. தமிழ், மலையாளம், கன்னட யூடியூப் கருத்துகளைத் திரட்டி, வசவைக் கண்டுபிடிக்கும் போட்டி 2021இல் நடத்தினார்கள். ஆனால் 'ரேஷன் கடைக்கு எதிர் வரிசையா' என்பதில் எந்தக் கருவி எதைக் கண்டுபிடிக்கும்?

பட்டியல் வைப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்க. 'ஔ' போட வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறவர்களும் உண்டு, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதை விட்டுவிட்டால் பாதியை விட்ட மாதிரி. ஒரே வசவை ஆறு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள். முக்கியமாக, பட்டியலில் சிக்கியதை அழிக்காதீங்க, நிறுத்தி மட்டும் வையுங்க. எருமாபாளையத்துக்காரர் பிழைத்துப் போகட்டும்.

நார்வேயில் ஒரு வேடிக்கையான வழி செய்து பார்த்தார்கள். அரசு ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே தன் தொழில்நுட்பத் தளத்தில் 2017இல் சில செய்திகளுக்கு இதை வைத்தது. செய்தியிலிருந்தே மூன்று கேள்வி, சரியாகப் பதில் சொன்னால்தான் கருத்துப் பெட்டி திறக்கும். படிக்காமலே சண்டைக்கு வருகிறவன் வாசலிலேயே நிற்பான்.

வக்கீல் குமாஸ்தா · செவ்வாய், காலை 8.40

சின்னத் தளம்தானே என்று இருப்பவர்களுக்காக இரண்டு வெளிநாட்டு வழக்கு. எஸ்தோனியாவில் டெல்ஃபி என்ற செய்தித் தளம். 2006இல் ஒரு படகு நிறுவனம் பற்றிச் செய்தி, 185 கருத்து, அதில் இருபது வாக்கில் மிரட்டலும் வசவும். வக்கீல் கடிதம் வந்த அன்றே எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஆறு வாரம் போயிருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2015இல், தளத்தின் மேல் பொறுப்பைச் சுமத்தியது தப்பில்லை என்றது. இழப்பீடு 320 யூரோதான். தொகை சின்னது, தீர்ப்பு பெரியது. 2021இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றமோ, செய்தி நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வாசகர் எழுதியதற்கும் அவதூறு வழக்கில் நிறுவனமே பதிப்பாளர் என்றது. உங்கள் பெட்டியைப் பூட்டிவிட்டு ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். இரண்டுமே நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது.

சும்மா கேட்டேன் · செவ்வாய், காலை 9.15

அக்கா கணக்கு, அதாவது இழப்பா பிறப்பா என்பது, எனக்குச் சம்மதம். எழுதி வையுங்க, தளத்தின் முகப்பில் தெரிகிற மாதிரி. அழித்தால் ஏன் என்று ஒரு வரி சொல்லுங்க. எனக்கு அன்றைக்கு அது கூடக் கிடைக்கவில்லை.

குகைக்காரன் · வியாழன், இரவு 10.05

நண்பரும் நானும் இரண்டு நாள் பேசினோம். முடிவு இது. குற்றம், குழந்தைகள், கோயில் தகராறு, இந்த மூன்று வகைச் செய்திக்கும் பெட்டி கிடையாது. அக்கா சொன்னதைப் படித்த பிறகு அதில் விவாதமே இல்லை. பழைய செய்திகளையும் பார்த்துவிட்டோம், ஒன்றில் பள்ளிக்கூடத்தின் பெயர் ஒரு கருத்தில் இருந்தது. எடுத்தாயிற்று.

மற்ற செய்திகளுக்குப் பெட்டி காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும், எங்களில் ஒருவர் விழித்திருக்கிற நேரம். படித்த பிறகுதான் விடுவோம், தடுத்தால் காரணம் ஒரு வரி. அப்புறம் அந்த நார்வே கேள்வி. எங்களுக்கு மூன்று கேள்வி தயாரிக்க நேரமில்லை, ஒன்றே ஒன்று.

நேற்று மாலை மலைப்பாதையில் மரம் விழுந்த செய்திக்கு முதல்முறை வைத்தோம். 'மரம் விழுந்தது எத்தனையாவது கொண்டை ஊசி வளைவில்?' விடை 19. ஒரு மணி நேரம் ஒருத்தரும் உள்ளே வரவில்லை. கேள்வி கஷ்டமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மலையேறும் பஸ்ஸின் கண்டக்டராம். "தம்பி, நான் 9ன்னு போடுறேன், உங்க பெட்டி தப்புன்னு சொல்லுது. மரம் 9லதான் கிடக்குது. நான் அதுக்கு முன்னாடிதான் நிக்கிறேன்."

இருபதாவது வளைவு · வியாழன், இரவு 10.20

ஒன்பதுதான். நான் நேற்றே எழுத வந்தேன், என்னையும் விடவில்லை.